கவாசாகி நோய்ச் சிகிச்சை: கோவையில் நாங்கள் போன குழந்தைகள் மருத்துவமனை

ஒன்றரை வயது மகனுக்குக் காய்ச்சல் ஐந்தாம் நாளாகியும் இறங்கவில்லை. பீளை இல்லாமலே கண்கள் சிவந்திருந்தன, உதடுகள் வெடித்திருந்தன. பொள்ளாச்சியில் கொடுத்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. அதனால்தான் கோவைக்குக் கொண்டுபோனோம்.

அங்கிருந்த இளம் மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, இடது தோளில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட தழும்பைப் பார்த்தார். சுற்றிலும் சிவந்து தடித்திருந்தது. அதற்கு முன் யாரும் அதைப் பார்க்கவில்லை! இது இரத்தக் குழாய் அழற்சி, 1967-இல் ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி விவரித்த நோய் என்றார். கவனிக்காமல் விட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி புடைத்துவிடுமாம். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் மருந்து ஏறினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையுமாம். மறைக்காமல், பயமுறுத்தாமல் சொன்ன விதத்துக்கு அவருக்கு என்றும் நன்றி.

அன்று மாலையே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள். மயக்க மருந்து தராமல், என் மனைவியின் மடியிலேயே வைத்துப் பால் கொடுக்கச் சொல்லி, அவன் அடங்கும்வரை பொறுத்திருந்து எடுத்தார் எக்கோ பார்த்த பெண். தமனிகள் நன்றாக இருந்தன.

மருந்து இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதம், பலர் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. பத்து கிலோ பிள்ளைக்கு 5 கிராம் குப்பிகள் நான்கு. விலை கடுமை. முழுப் பணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று மருந்தகத்தில் பிடிவாதம் பிடித்தார்கள். காப்பீட்டு ஒப்புதல் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நாட்களை எண்ணிக் கொடுக்க வேண்டிய மருந்துக்கு இப்படி அலைக்கழிப்பது அநியாயம். நிர்வாகம் இதை மாற்றியே ஆக வேண்டும்.

இரவுப் பணி செவிலியர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. டிரிப்ஸை மெதுவாகத் தொடங்கி, காய்ச்சலும் இரத்த அழுத்தமும் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டினார்கள். விடிவதற்குள் உடம்பு குளிர்ந்துவிட்டது.

டிஸ்சார்ஜ் சீட்டில் குறைந்த அளவு ஆஸ்பிரின், இரண்டாம் வாரத்திலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்ளும் மறு எக்கோ எல்லாம் தெளிவாக இருந்தன. விடுபட்டது தடுப்பூசி. இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிள்ளைக்குத் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும் என்பதை எங்கள் ஊர் மருத்துவர்தான் சொன்னார். இங்கே போகிறவர்கள் புறப்படும் முன் அதைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.