பிளஸ் ஒன் வேதியியல் செயல்திட்டம்: போர் தண்ணீரா, உமிச் சாம்பலா, கல்லுப்பா, பித்தளை விளக்கா?

தை முடிந்து மாசி பிறந்தால் டெல்டா பள்ளிகளில் ஆண்டு இறுதிச் செயல்திட்டப் பேச்சு கிளம்பிவிடும். தெர்மாகோலில் அணு மாதிரி, சார்ட் பேப்பரில் தனிம வரிசை அட்டவணை, வினிகரும் சமையல் சோடாவும் பொங்கும் எரிமலை. இவற்றை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. செய்யத் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிற வேலை பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் போதாது. புத்தகத்தில் விடை இல்லாத ஒரு கேள்வி வேண்டும். விடையாக ஓர் எண்ணாவது கையில் கிடைக்க வேண்டும். அதற்கான பொருள் நம்மைச் சுற்றியே நிறைய இருக்கிறது.

என் முதல் தேர்வு தண்ணீர். திருவாரூர் மாதிரி ஓர் ஊரில் ஒரே வகுப்புக்குப் பல கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தால் போதும், பல ஊர்களின் அடிபம்பும் போரும் ஒரே மேசைக்கு வந்துவிடும். கடினநீர், அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகளால் சோப்பு எளிதில் நுரைக்காத தண்ணீர், ஹைட்ரஜன் பாடத்தில் ஏற்கெனவே படித்ததுதான். தங்கள் ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மை எண் மட்டும்தான் யாருக்கும் தெரியாது.

செலவும் அதிகமில்லை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1.11 கிராம் நீரற்ற கால்சியம் குளோரைடைக் கரைத்தால், 1000 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான கடினத்தன்மை கிடைக்கும். அதை நீர்த்து 100, 200, 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நுரை இரண்டு நிமிடம் நின்றால் அதுதான் கணக்கு. சொட்டுகளை வரைபடத்தில் போட்டுவிட்டு, அப்புறம் ஊர்த் தண்ணீரைச் சோதிக்கலாம். சலவைத்தூள் இதற்கு உதவாது. அது கடினநீரிலும் நுரைக்கும். உண்மையான கட்டி சோப்பைத்தான் சீவிப் போட வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மி.கி. கடினத்தன்மை வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. தன் வீட்டுத் தண்ணீர் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்க்கும்போது பிள்ளைகளுக்கு வரும் ஆர்வத்தை வேறெந்தச் செயல்திட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதுவே இதன் அழகும்கூட. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துத் தண்ணீரில் நுரை வராததற்குக் கால்சியம், மெக்னீசியம் மட்டும் காரணமாக இருக்காது. சாதாரண உப்பு மிகுந்தாலும் சோப்பு கரையாமல் திரளும். சந்தேகமான மாதிரியில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டு, உப்பினால் வெண்மை எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். "சார், சோப்பு பொய் சொல்லுது" என்று ஒரு பையன் சொன்னான். அந்த இடத்தில்தான் வேதியியல் தொடங்குகிறது.

ஆற்று நீரையும் சேர்க்க நினைத்தால் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். மாசியில் பல கிளையாறுகளில் மணல்தான் இருக்கும். ஜனவரியிலேயே பிடித்து வைத்தால், நாள்பட பைகார்பனேட் சிதைந்து பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியலாம், எண்ணும் குறைந்துவிடும். பிடித்த வாரத்திலேயே சோதித்துவிடுவது நல்லது.

வேதிவினை என்ற அளவில் மட்டும் பார்த்தால் உமிச் சாம்பல் தண்ணீரை மிஞ்சும். சம்பா அறுவடை முடிந்து அரிசி ஆலைகள் ஓடும் நேரம், உமிக்குப் பஞ்சமே இல்லை. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி; அது எரிந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்; நன்றாக எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கொதிக்கவைத்து வடிகட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெல்ல மெல்ல விட்டால், தெளிந்த திரவம் கண்ணெதிரே குழைந்து கூழாகும். அதைக் கழுவி உலர்த்தினால் சிலிக்கா ஜெல். பொட்டலத்துக்குள் போட்டு எடை பார்த்தால், ஈரத்தை எவ்வளவு உறிஞ்சியது என்ற எண்ணும் கிடைத்துவிடும்.

ஆனால் கொதிக்கும் காரம் விளையாட்டுப் பொருள் கிடையாது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பக்கத்திலேயே ஆசிரியர் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். ஆலைக் கொதிகலன் சாம்பலை அப்படியே அள்ளிவந்தால் விளைச்சல் குறைந்து ஏமாற்றலாம். மிக அதிக வெப்பத்தில் சிலிக்கா படிகமாகிவிட்டால் காரத்தில் எளிதில் கரையாது, அந்தத் தூசி நுரையீரலுக்கும் கெடுதல். ஆய்வகம் சரியாக இருக்கிற பள்ளிக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். இல்லாத பள்ளிக்குச் சொல்லமாட்டேன்.

கல்லுப்பு கடலோரப் பிள்ளைகளுக்கு. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யத்தில் இன்றும் உப்பளங்கள் உண்டு. அங்கிருந்து வாங்கிவந்த உப்பு ஏன் மழைநாளில் கசிகிறது? மெக்னீசியம் குளோரைடு ஒட்டியிருப்பதால். தூய உப்பின் தெவிட்டிய கரைசலால், அதாவது இனிமேல் உப்பு கரையாத அளவுக்குக் கரைத்த நீரால் கழுவினால், அந்த மெக்னீசியம் போய்விடும், உப்பு அதிகம் கரையாது. கழுவியதும் கழுவாததும் ஒரே அளவு எடுத்து, இரண்டையும் நன்றாக உலர்த்தித் திறந்து வைத்து, தினமும் எடை பார்க்கலாம். ஆபத்தில்லை, செலவில்லை. எண்களை வைத்து வரைபடமும் போடலாம். குறை என்று சொன்னால், வேதிவினை குறைவு; பிரிப்பதும் எடைபோடுவதும்தான்.

பித்தளையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு நம்மூர்ப் பெருமைதான். ஆனால் "புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்" என்பதோடு நின்றுவிட்டால் அது செய்முறை விளக்கம் மட்டுமே. அதைச் செயல்திட்டமாக்க ஒரு வழி இருக்கிறது. பழைய பித்தளைத் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றிலும் நீர்த்த டார்டாரிக் அமிலத்திலும் ஊறவைத்து, வடிகட்டிய நீரில் அம்மோனியா சேருங்கள். தாமிரம் கரைந்திருந்தால் கருநீலம் தெரியும். எதில் நீலம் அதிகம் என்று ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து ஒப்பிடலாம். புளிக்கரைசலின் பழுப்பு நீலத்தை மறைத்துவிடும், அதனால்தான் டார்டாரிக் அமிலம். வெகுநேரம் ஊறினால் துத்தநாகம் முந்திக்கொண்டு கரைந்து, பித்தளை இளஞ்சிவப்பாக மாறும். வீட்டுப் பூஜை விளக்கை யாரும் கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாற்பது பேர் வகுப்பு, இரண்டு வாரம், ஒரே ஒரு ஆசிரியர் என்றால் தண்ணீரையே எடுங்கள். உமியைக் கேட்கும் நான்கைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்களைத் தனிக் குழுவாக்கி, காரம் கொதிக்கிற அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவர்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.