பட்டியலா, வேர்ச்சொல்லா, தலையங்கமா?

டெல்லி முகர்ஜி நகரிலும் பாட்னாவிலும் அறை எடுத்துத் தங்கிப் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களில் பெரும்பாலோர் இந்தி வழியில் படித்தவர்கள். கணக்கில் பாய்ந்து செல்லும் பலருக்கு ஆங்கிலம் காலை வாரிவிடுகிறது. மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்எஸ்சி என்ற பணியாளர் தேர்வாணையம், பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 200 மதிப்பெண்ணுக்கு 50 ஆங்கிலத்துக்குத்தான். தவறான ஒவ்வொரு விடைக்கும் அரை மதிப்பெண் குறையும். சொல்வளம் பெருக்க அவர்கள் கைக்கொள்ளும் வழிகள் மூன்று. மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது என் கருத்து.

முதலில் பட்டியல். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் இந்திப் பொருள். அபண்டன்ட், காபியஸ், ஏம்பிள், ப்ரஃப்யூஸ் ஆகிய நான்குக்கும் எதிரே 'ஏராளம்' என்று பொருள்படும் 'பிரசுர்' என்ற ஒரே சொல் உட்கார்ந்திருக்கும். ஒருபொருட்சொல் கேட்டால் மதிப்பெண் நிச்சயம். எழுதச் சொன்னால் சிக்கல்: நேரத்துக்கு ஏம்பிள், குறிப்புகளுக்குக் காபியஸ், ரத்தப்போக்குக்கு ப்ரஃப்யூஸ் என்ற பொருத்தத்தைப் பட்டியல் சொல்வதில்லை. திரும்பப் பார்க்காத சொல் எவ்வளவு விரைவாக மறக்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே காட்டிவிட்டார். இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்க்கும் ஒழுங்கு இருந்தால், தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பட்டியலே கைகொடுக்கும். அதற்கு முன்பே அதில் இறங்குவது வீண் உழைப்பு.

வேர்ச்சொல் வழிதான் இந்தி மாணவருக்கு உண்மையான புதையல். சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்க வேண்டும் என்று மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தாவில் சொன்னார். அதன் பலன், சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்த இந்தி மாணவரின் பள்ளிப் பாடநூலிலேயே கிடக்கிறது. பல்லைக் குறிக்கும் 'தந்த்' தெரிந்தவருக்கு டென்டல் உறவு. 'மிருத்யு' தெரிந்தால் மார்ட்டல், இம்மார்ட்டல், மார்ச்சுவரி மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அக்னிக்கு இக்னைட், சர்ப்பத்துக்கு செர்பென்ட், யுவாவுக்கு ஜுவனைல். 'க்யான்' என்று அவர்கள் உச்சரிக்கும் ஞானத்துக்கு முன்னால் 'அ' சேர்ந்தால் அறியாமை. கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய முடியாது என்பவரைக் குறிக்கும் ஏக்னாஸ்டிக் என்ற சொல்லும் அதே கட்டுமானம்தான். கரும்பலகையில் 'மாத்ரு', 'பித்ரு', 'ப்ராத்ரு' என்று எழுதி, பக்கத்தில் மெட்டர்னல், பெட்டர்னல், ஃப்ரட்டர்னல் என்று எழுதிவிட்டால் விளக்கமே தேவையில்லை.

ஆனால் கடையில் கிடைக்கும் வேர்ச்சொல் நூல்களில் பல இலத்தீன் வேரை முற்றிலும் அந்நியமான ஒன்றாக அறிமுகப்படுத்துகின்றன. மிருத்யுவை மனதில் வைத்திருக்கும் பிள்ளை 'மார்ட்' என்பதைப் புதிதாக மனப்பாடம் செய்கிறது. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலின் 570 சொற்குடும்பங்களில் பெரும்பாலானவை இலத்தீன், கிரேக்க வழி வந்தவை. உயர்நிலை ஆங்கிலம் என்பதே பெரிதும் இந்த வேர்களின் விளைச்சல்.

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. கெட்ட பெயர் எடுத்தவரைக் குறிக்கும் 'பத்னாம்' என்பதிலுள்ள 'பத்' பாரசீகச் சொல். ஆங்கிலத்தின் 'பேட்' ஒலியிலும் பொருளிலும் அதை ஒத்திருந்தாலும் உறவு கிடையாது. ஈக்ரீஜியஸ் என்பதன் வேர்ப்பொருள் மந்தையிலிருந்து தனித்து நிற்பது. இன்று அது படுமோசமானதைக் குறிக்கிறது. வேர் வாசல் வரை கொண்டுவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அகராதியில்தான் பார்க்க வேண்டும். பெல்ஜியத்தில் பிறந்து ராஞ்சியில் வாழ்ந்த பாதிரியார் காமில் புல்கேயின் 1968-ஆம் ஆண்டு ஆங்கில-இந்தி அகராதி அதற்கு இன்றும் நல்ல துணை.

மூன்றாவது தலையங்கம். 1878-இல் சென்னையில் தொடங்கிய 'தி இந்து'வின் தலையங்கத்தை வட இந்தியத் தேர்வர்கள் சொல்வளத்துக்காகவே வரிவரியாகப் படிக்கிறார்கள். எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதைக் கற்றுத்தர இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் பிறர் உதவியின்றிப் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷனின் கணிப்பு. தொடக்க நிலையில் தலையங்கத்தை எடுத்தால் வரிக்கு வரி அகராதி புரட்ட வேண்டியிருக்கும். விளையாட்டுப் பக்கம், நகரச் செய்தி என்று தொடங்கித் தலையங்கத்துக்கு வரலாம்.

ஆகவே ஓராண்டு கையில் இருப்பவர் வேரில் தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் செய்தித்தாளைச் சேர்த்துக்கொண்டு, பட்டியலைக் கடைசிக்கு வைக்கட்டும். சமஸ்கிருதச் சொற்கள் அதிகம் புழங்காத, உருது கலந்த இந்தியில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் வரிசை மாறும். அவர்களுக்கு மிருத்யுவைவிட, சாவைக் குறிக்கும் உருதுச் சொல்லான 'மௌத்'தே நெருக்கம் என்பதால், எளிய வாசிப்பிலிருந்தே தொடங்குவது நல்லது.