போஸ்ட்கிரஸ்: டாக்கருக்குள்ளா, நேரடியாக உபுண்டுவிலா?

காட்பாடியில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட், ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை, ஆரணியில் ஓர் அரிசி ஆலை என்று சில இடங்களுக்குக் கணக்கும் ஸ்டாக்கும் பார்க்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். பல வருடம் அதை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நேரடியாக நிறுவி வந்தோம். இப்போது ஒன்றைத் தவிர மற்றவை டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது மென்பொருளைத் தனி உறையில் அடைத்து ஓட்டும் முறைக்குள், போய்விட்டன. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். லினக்ஸில் கன்டெய்னரும் அதே கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும் ப்ராசஸ்தான். தரவை வால்யூமில் (கன்டெய்னரை அழித்தாலும் தங்கும் தனிச் சேமிப்பிடம்) வைத்தால் எங்கள் அளவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நிறுவுவதற்கும் இரண்டிலும் பத்து நிமிடம்தான். உபுண்டு 22.04 தன்னோடு போஸ்ட்கிரஸின் 14ஆம் பதிப்பைத் தருகிறது, 24.04 தருவது 16. கன்டெய்னரில் வேண்டிய பதிப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் போஸ்ட்கிரஸின் சொந்த ரெப்போவை (மென்பொருள் தொகுப்புகளைத் தரும் தளம்) சேர்த்தால் உபுண்டுவிலும் அது முடியும்.

என்னை மாற்றியது வேறு. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கு, ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்கு. முகவரிகளில் மாவட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. பழைய பதிவுகள் சிலவற்றில் 'வடாற்காடு' என்றே இருந்தது. 1989இல் பிரிந்துவிட்ட மாவட்டம் அது. இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஆரணியும் அதற்குள்தான் வரும். ஆக அந்த ஒரு சொல்லை ஊர் பார்த்து நான்கு மாவட்டங்களாகப் பிரிக்க வேண்டும். அதே சர்வரில் இன்னொரு டேட்டாபேஸ் உருவாக்கிச் சோதித்தேன். இரண்டு விண்டோ திறந்திருந்தது, அப்டேட்டை உண்மையான டேட்டாபேஸில் ஓட்டிவிட்டேன். முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டு, அரை நாள் பில்களைக் கையால் ஏற்றினோம்.

இப்போது அப்படிப்பட்ட வேலை என்றால் பேக்கப்பை என் மெஷினில் புதிய கன்டெய்னர் ஒன்றில், 5433 போர்ட்டில் இறக்கிவிடுவேன். முடிந்ததும் கன்டெய்னரையும் வால்யூமையும் சேர்த்து அழித்துவிடலாம். இது இவ்வளவு சுலபமானதால் சனிக்கிழமைதோறும் எல்லா பேக்கப்பையும் மீட்டுப் பார்க்கிறோம். முதல் சனிக்கிழமையே ஒன்று தெரிந்தது: டேபிள்கள் எல்லாம் வந்தன, யூசர்களும் அவர்களுக்கான அனுமதியும் வரவில்லை. பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி டம்ப் (pg_dump) ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும். ரோல்களை, அதாவது அந்த யூசர்களை, தனியாக எடுக்க பிஜி டம்ப் ஆல் (pg_dumpall) வேண்டும். பழைய முறையில் அதே சர்வரிலேயே மீட்டுப் பார்த்தபோது ரோல்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன, குறை வெளியே தெரியவே இல்லை. வெறுமையிலிருந்து தொடங்கும் கன்டெய்னர்தான் அதைக் காட்டியது. மற்ற எல்லா வசதியையும் விட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

நேரடி நிறுவல் ஜெயிக்கும் இடம் பெரிய பதிப்பு மாற்றம். உபுண்டுவில் பிஜி அப்கிரேட் கிளஸ்டர் (pg_upgradecluster) என்ற கருவி பழைய தரவைப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோய்விடும். கன்டெய்னரில் டேகை (பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) 16இலிருந்து 17 என்று மாற்றி அதே வால்யூமை மாட்டினால் போஸ்ட்கிரஸ் எழும்பாது. டம்ப் எடுத்துப் புதிய வால்யூமில் மீட்க வேண்டும். 18இலிருந்து அதிகாரபூர்வ இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) தரவுப் பாதையும் மாறியிருக்கிறது, கன்டெய்னர் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் ஃபைலை அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.

அப்புறம், வால்யூமுக்குப் பெயர் வையுங்கள். வைக்காவிட்டால் டாக்கர் தானே ஒரு பெயரில்லா வால்யூம் உருவாக்கும், கன்டெய்னரை மாற்றியதும் தரவு போய்விட்டதாகப் பதறுவீர்கள். போர்ட்டை 127.0.0.1க்கு, அதாவது அதே மெஷினுக்கு, மட்டும் திறங்கள். டாக்கர் திறக்கும் போர்ட்டை உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யு தடுக்காது, தடுக்கும் என்று நம்பியிருந்தால் ஆபத்து. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் இமேஜில் தொடங்கியதை அதே வால்யூமோடு ஆல்பைன் என்ற வேறு வகைக்கு மாற்றவும் கூடாது. எழுத்து வரிசைப்படுத்தும் முறை மாறி, இண்டெக்ஸ்கள் தப்பாகிவிடும். தமிழ்ப் பெயர்கள் நம் அகரவரிசையில் வர வேண்டுமானால் ஐசியு கொலேஷன் (மொழிக்கேற்ற வரிசை விதி) வையுங்கள். வெறும் யூனிகோட் வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' வந்து நிற்கும்.

எங்கள் டேட்டாபேஸ்களில் பெரியதே 12 ஜிபிதான். கன்டெய்னரில் ரெப்ளிகேஷன் (தரவை இன்னொரு சர்வரிலும் உடனுக்குடன் நகலெடுப்பது) செய்ததில்லை. அந்த அளவு வேலைக்கு என் அனுபவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஆரணி ஆலையில் மட்டும் இன்னும் நேரடி நிறுவல்தான். அங்கே சர்வரைக் கவனிக்கும் தம்பிக்கு உபுண்டு நன்றாகத் தெரியும், டாக்கர் தெரியாது. ராத்திரி ஏதாவது நின்றுபோனால் காட்பாடியிலிருந்து நாங்கள் போவதற்குள் அவரே சரிசெய்துவிடுகிறார், அதனால் மாற்றவில்லை. அந்த ஆலையின் பேக்கப்பையும் சனிக்கிழமை இங்கே கன்டெய்னரில்தான் திறந்து பார்க்கிறோம்.