முழுப் பழமா, ஜூஸா?

குழந்தைக்குப் பழம் கொடுப்பதும் ஜூஸ் கொடுப்பதும் ஒன்றுதான் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு இரண்டு மூன்று பழமாவது பிழிய வேண்டும். அத்தனை பழத்தின் சர்க்கரையும் டம்ளருக்குள் வந்துவிடும், நார்ச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடும். வீட்டில் பிழிந்தாலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் ஜூஸைச் சேர்க்கிறது, முழுப் பழத்தைச் சேர்ப்பதில்லை.

ஜூஸ் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-இல் சொன்னபடி ஒரு வயது வரை ஜூஸே கூடாது, 1 முதல் 3 வயதுக்கு ஒரு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம்.

பழம் என்றால் பிள்ளை தானே தோலோடு மல்லுக்கட்டும், முழங்கை வரை சாறு வழியும், சுளைக்குள் விதையைப் பார்த்ததும் ‘இதை நட்டால் மரம் வருமா’ என்று கேட்கும், சரி என்று ஒரு தொட்டியில் ஊன்றிக் கொடுத்தால் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கும். அப்புறம் ஒன்று, சின்னக் குழந்தைக்குத் திராட்சையை முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.