கண்குழியின் காகிதச் சுவர்: சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

கண்குழிக்கும், மூக்கையொட்டிய காற்றறையான எத்மாய்டு சைனஸுக்கும் நடுவே நிற்கும் லாமினா பாபிரேசியா என்ற எலும்புத் தகடு, அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. எம்.ஆர்.ஐ. படத்தில் அதன் எலும்பும் பக்கத்திலுள்ள காற்றும் ஒன்றுபோலக் கறுப்பாகத் தெரிவதால், சுவர் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வது கடினம். சி.டி.யில் அதுவே மெல்லிய வெள்ளைக் கோடாக விழுகிறது. கோடு அறுந்து, கண்குழிக் கொழுப்பு சைனஸுக்குள் பிதுங்கியிருந்தால் அதுவும் தெரியும். மூக்கு வழியே கேமராக் குழாயைச் செலுத்திச் சைனஸில் செய்யும் எண்டோஸ்கோப்பி அறுவைக்கு முன் இதைப் பார்க்காமல் விடுவது, சுவரை அடுத்திருக்கும் உட்புறக் கண்தசையைப் பணயம் வைப்பதாகும் என்பதால், கதிர்வீச்சு உண்டென்றாலும் முதலில் எடுக்க வேண்டியது சி.டி.தான். சைனஸை அடைத்திருப்பது கட்டியா, தேங்கிய சளியா, கட்டியென்றால் அது கண்குழியின் உறையைத் தாண்டிவிட்டதா என்ற ஐயம் எழும்போது மட்டும், எம்.ஆர்.ஐ.யின் பதிலே கூடுதல் தெளிவானது.