வாடகைப் படகில் அரை நாள்: படகில் குறையில்லை, ஆற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை

துடுப்புப் படகுகளையும் கயாக்குகளையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஓர் ஆற்றங்கரைப் படகுத்துறைக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். நானும் என் மனைவியும், 14 வயது மகளும் 8 வயது மகனும், மாமனாரும் என ஐந்து பேர். நான்கு பேர் அமரும் துடுப்புப் படகு ஒன்றையும் இருவர் அமரும் கயாக் ஒன்றையும் நான்கு மணி நேரத்துக்கு எடுத்தோம். துறையின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியதன்று என்பது என் எண்ணம்.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். படகுகள் சுத்தமாக இருந்தன. எதிலும் நீர்க்கசிவு இல்லை. துடுப்புக் கொண்டிகள் ஆட்டமில்லாமல் இறுக்கமாகப் பொருந்தியிருந்தன. ஏறி இறங்கும் மேடை வழுக்காதபடி கயிற்றுப்பாய் விரித்திருந்தார்கள். ஊழியர்கள் பொறுமையானவர்கள், மாமனாரைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டதோடு, அவர் அமர்ந்த பிறகே படகைத் தள்ளினார்கள். இவற்றுக்கு முழு மதிப்பெண் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

உயிர்காப்பு அங்கியைப் பொறுத்தவரை பாதி மதிப்பெண்தான். பெரியவர்களுக்குத் தரப்பட்டவை எல்லாம் 50 நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோ எடைக்கு நிகரான மிதப்பு விசை கொண்டவை. நீரில் மூழ்கிய உடலின் பெரும்பகுதி எடையை நீரே தாங்கிக்கொள்வதால், தலையை மேலே நிறுத்த ஐந்து கிலோ அளவுக்கு மிதப்பு கிடைத்தால் பெரும்பாலானோருக்குப் போதும்; அந்தக் கணக்கில் 50 நியூட்டன் சரிதான். ஆனால் அந்த வகை அங்கி நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகில் இருக்கும் இடத்துக்கு என்று வகுக்கப்பட்டது. நினைவிழந்து குப்புறக் கிடப்பவரை அது மல்லாத்தாது. அந்த வேலைக்கென வடிவமைக்கப்பட்டது 150 நியூட்டன் வகை. நீந்தத் தெரியுமா என்று எங்களில் ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை. மகனுக்கு முதலில் கொடுத்த அங்கியைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அது அவன் காதுவரை ஏறி வந்தது. தரையில் அப்படி ஏறுவது நீரில் தலைவழியாகவே கழன்றுவிடும். கவட்டுப் பட்டை உள்ள சிறுவர் அங்கி ஒன்று வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்ட பிறகு, உள்ளேயிருந்து நிறம் வெளுத்த ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்கள். கேட்காதவர்களின் பிள்ளைகள் எதை அணிந்து போகிறார்கள் என்ற கேள்வி அப்போதே மனத்தில் தங்கிவிட்டது.

புறப்படும் முன் எங்களுக்குக் கிடைத்த அறிவுரை இரண்டே வாக்கியங்கள்: “ஆறு அமைதியாத்தான் இருக்கு. கீழே ரெண்டு கிலோமீட்டர் போனா மணல்திட்டு, அங்கே இறங்கி விளையாடிட்டுத் திரும்பி வந்துடுங்க.” என் முதல் குற்றச்சாட்டு இந்த ஏற்பாட்டின் மீதுதான். அன்று நீர் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது என்றும், எங்களைப் போன்ற பழக்கமில்லாதவர்கள் நான்கு கிலோமீட்டர் வேகத்தில் துடுப்புப் போடுவார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். போகும்போது இரண்டும் கூடி ஆறாகும். மணல்திட்டுக்கு 20 நிமிடம். வரும்போது ஒன்றிலிருந்து மற்றொன்று கழிந்து இரண்டாகும்; அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம். கை புதிதாக இருக்கும்போது இலவசமாகக் கிடைத்த வேகத்தை, கை ஓய்ந்து, வெயில் ஏறி, பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கிய பிறகு வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது. எதிர்நீரில் ஏறிச் சென்றுவிட்டு, களைத்த பிறகு நீரோடு இறங்கித் திரும்புவதே முறை. இதைச் சொல்ல ஒரு செலவும் இல்லை. கீழ்நோக்கி அனுப்பினால் வாடிக்கையாளர் தொடக்கத்தில் மகிழ்ச்சியாக இருப்பார் என்பதைத் தவிர, அவர்கள் செய்வதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு வளைவைப் பற்றியது. நேராக ஓடும் ஆற்றில் விரைவான நீர் நடுவில், மேற்பரப்பை ஒட்டி ஓடும்; தரையும் கரையும் உரசும் இடங்களில் நீர் மெதுவாகும். வளைவு வந்ததும் அந்த விரைவு வெளிக்கரையை நோக்கி ஒதுங்கிவிடுகிறது. வெளிக்கரை அரிக்கப்பட்டு ஆழமாவதும், உள்கரையில் மணல் படிவதும், வெளிக்கரை மரங்களின் வேர் பறிபட்டு அவை ஆற்றுக்குள் சாய்வதும் இதனால்தான். ஆக, நீர் எங்கே படகைத் தள்ளிக்கொண்டு போகிறதோ அங்கேதான் மரமும் விழுந்து கிடக்கும். எங்கள் வளைவிலும் ஒரு மரம் கிடந்தது. அதைப் படகுத்துறையில் எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

விழுந்த மரம் பாறையைவிடப் பொல்லாதது. பாறையில் மோதும் நீர் விலகி இருபுறமும் ஓடுவதால், மிதந்து வருவதையும் ஓரளவு விலக்கிவிடும். மரக்கிளைகளுக்கிடையே நீர் நேராகப் புகுந்து போய்விடும்; படகும் ஆளும் சல்லடையில் சக்கை தங்குவதுபோலத் தங்கிவிடுவார்கள். பின்னால் வரும் நீர் ஒரு கணமும் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். கயாக்கில் முன்னால் மகளும் பின்னால் நானும் இருந்தோம். வளைவின் உள்கரையை ஒட்டியே போயிருக்க வேண்டும்; தெரியாததால் நடுவில் போனோம். இழுப்பு எங்களை வெளிப்பக்கம் கொண்டுபோனது. துடுப்பைப் பின்னுக்கு வலித்ததில் கயாக் குறுக்கே திரும்பி, கடைசிக் கிளையின் நுனியில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. கிளை முகத்தில் அடிக்குமோ என்ற அச்சத்தில் இருவரும் எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். செய்யக்கூடாதது அதுதான். நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்தவுடன் ஓட்டம் அதன்மேல் ஏறிக் கயாக்கை ஒரே புரட்டாகப் புரட்டிவிட்டது. தடுக்கும் பொருளின் பக்கமாகவே சாய்ந்து, அதைக் கையால் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். மனம் அதற்கு இணங்குவதில்லை என்பதால்தான் இதைக் கரையிலேயே சொல்லித்தர வேண்டும் என்கிறேன். நுனிக்கிளையாக இருந்ததால் நாங்கள் இருவரும் அதைக் கடந்து மிதந்து வந்துவிட்டோம். இன்னும் இரண்டு மீட்டர் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத விருப்பமில்லை.

இடுப்பளவு நீர்தான் என்று தெரிந்ததும் எழுந்து நிற்க முயன்றேன். பின்னால் துடுப்புப் படகிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது: “மாப்பிள்ளை, காலை ஊன்றாதீங்க! மல்லாக்கப் படுங்க, காலை முன்னால நீட்டுங்க!” அவர் இளமையில் ஆற்றிலேயே நீந்தி வளர்ந்தவர். ஓடும் நீரில் நிற்க முயன்றால் பாதம் கற்களுக்கிடையே சிக்கக்கூடும்; சிக்கிய பிறகு முதுகில் மோதும் நீர் உடலை முன்னால் மடக்கி முகத்தை அமிழ்த்திவிடும். இடுப்பளவு ஆழத்திலேயே மூழ்கிப்போக இது போதும். நீரின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. அரைச் சதுர மீட்டர் பரப்பின் மீது விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் சுமார் 25 கிலோ எடைக்கு நிகராகத் தள்ளும். வேகம் இருமடங்கானால் தள்ளுவது சுமார் 100 கிலோ. விநாடிக்கு இரண்டு மீட்டர் என்பது விரைந்து நடப்பவரைச் சற்றே முந்தும் வேகம், அவ்வளவுதான். 2009-ஆம் ஆண்டு 50 மீட்டரை 20.91 விநாடியில் நீந்திய பிரேசில் நீச்சல் வீரர் செசார் சியலோவின் சராசரி வேகமே விநாடிக்கு 2.4 மீட்டர் அளவில்தான் வருகிறது. அப்படியிருக்க, எதிர்நீச்சல் போட்டுக் கரையேறலாம் என்று நாம் நினைப்பதில் பொருளில்லை. நாங்கள் மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் நீட்டி, தலைப்பக்கத்தை உள்கரை நோக்கிச் சாய்த்துக் கைகளால் துழாவிக்கொண்டே போனோம். மணல்திட்டின் ஓரத்தில் நீர் தளர்ந்தது. முழங்கால் ஆழம் வந்த பிறகே எழுந்தோம்.

மகள் அந்த நேரம் முழுவதும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நான் அதை நிதானம் என்று எண்ணினேன். மூச்சுக்குத் திணறுபவரால் கூப்பிட முடியாது என்பதும், மூழ்குதல் பெரும்பாலும் ஓசையின்றியே நடக்கும் என்பதும் கரையில் அவளைத் துண்டால் சுற்றியபோதுதான் நினைவுக்கு வந்தன.

மூன்றாவது குறையைக் கரையில் நடந்து போய்க் கண்டுகொண்டோம். மணல்திட்டுக்குக் கீழே, நடந்தால் சில நிமிடத் தொலைவில், ஆற்றின் குறுக்கே ஆளுயரம்கூட இல்லாத தடுப்பணை ஒன்று இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் ஆறு ஒரு நேர்கோட்டில் முடிந்து தொடர்வதுபோல் தெரியுமே தவிர, விழும் நீர் கண்ணில் படாது. அணையின் அடியில் விழுந்த நீர் மேலெழுந்து அணையை நோக்கியே திரும்பிச் சுருள்கிறது. அதில் விழுந்தவரை அது அணைச்சுவரின் பக்கமே மீண்டும் மீண்டும் இழுத்து அமிழ்த்தும். நீரில் காற்றுக்குமிழ் கலந்திருப்பதால் மிதப்பும் குறைந்துவிடும், உயிர்காப்பு அங்கியும் முழுப் பலன் தராது. குமிழியிட்டு வெண்மையாக, பார்க்க அழகாகவே இருந்தது. மகன் அங்கே குளிக்கலாமா என்று கேட்டான். அணைக்கு மேலே மிதவைக் கயிறு கட்டப்படவில்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. “மணல்திட்டுக்கு அப்பால் போகாதீர்கள்” என்ற ஒரு வாக்கியத்தையாவது துறையில் சொல்லியிருக்கலாம்.

இங்கே படகெடுக்கலாமா என்று கேட்டால், எடுக்கலாம் என்றே சொல்வேன், ஆனால் ஆற்றைப் பற்றிய வேலையை நீங்களே செய்துகொள்ள வேண்டும். ஒரு குச்சியை நீரில் போட்டு அது பத்து மீட்டர் போக எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஏழு விநாடிக்குள் போய்விட்டால் நீர் நீங்கள் நடக்கும் வேகத்தில் ஓடுகிறது. பிள்ளைகளுடன் அன்று இறங்க வேண்டாம். மேலே நீர்த்தேக்கம் இருக்கிறதா, அதில் எப்போது நீர் திறப்பார்கள் என்று கேளுங்கள். நீரில் விழுந்தவரை இழுத்துக் கரைசேர்க்கும் வீசுகயிறு துறையில் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் போனபோது எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை.

திரும்பியபோது ஒரு மணி நேரம் தாமதம். கயாக்கை ஊழியர்களே போய் மீட்டுவந்தார்கள், ஒரு துடுப்பு மட்டும் கிடைக்கவில்லை. தாமதத்துக்கும் துடுப்புக்கும் சேர்த்துக் கட்டணம் போட்டார்கள்; மறுக்காமல் கட்டினேன். துடுப்பு எங்கே தொலைந்தது என்பதை ரசீதில் எழுதித் தரும்படி மட்டும் கேட்டேன். மேசையில் இருந்தவர் சற்று யோசித்துவிட்டு, “மரம் விழுந்த வளைவு” என்று எழுதிக் கையெழுத்திட்டார்.