கொவ்வையா, குறிஞ்சாவா: சீனி வருத்தத்துக்கு எந்த இலை?

முத்தையன்கட்டில் இருக்கும் மாமிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்த கிழமையே வீட்டுக்கு இலைகள் வந்து குவிந்துவிட்டன. வேலியில் படர்ந்த கொவ்வையை ஒருவர் ஆய்ந்து வந்தார். காட்டோரம் போய்ச் சிறுகுறிஞ்சா பிடுங்கி வந்தார் இன்னொருவர். வேம்பும் கறிவேப்பிலையும் வளவிலேயே நிற்கின்றன. நாலையும் ஒன்றாக அரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். எந்த இலை மனிதரிடம் சோதிக்கப்பட்டது, எது எலியோடு நின்றுவிட்டது என்று பார்த்த பிறகு அரைக்கலாம் என்றேன்.

வேம்பையும் கறிவேப்பிலையையும் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். இவற்றின் சாறு சீனியைக் குறைத்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. அலொக்சான், ஸ்ட்ரெப்டோசோட்டோசின் போன்ற நஞ்சை ஏற்றி, சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்த எலிகள் அவை. மாமிக்கு இருப்பது அதுவல்ல. அவருடைய சதையி இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது, உடல்தான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. எலிக்குச் செறிவாக வடித்த சாறு நிறைக் கணக்கில் கொடுக்கப்படுகிறது. சொதியில் மிதக்கும் நாலு கறிவேப்பிலைக்கும் அதற்கும் வெகுதூரம்.

சிறுகுறிஞ்சா வேடிக்கையான இலை. மாமி இரண்டு பச்சை இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு, வெறும் தேநீருக்குக் கடிக்கும் பனங்கட்டியை வாயில் போட்டார். முகம் கோணியது. "மணலைக் கடிப்பது போலிருக்கிறது, தம்பி" என்றார். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு வாங்கிகளைச் சிறிது நேரம் அடைத்துவிடுகின்றன. இனிப்பு ஆசையை அடக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

இரத்தத்துக்குள் அது என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. 1990இல் வெளிவந்த சென்னை ஆய்வொன்றில் 22 நோயாளர்கள் வழக்கமான மாத்திரையோடு நாளுக்கு 400 மில்லிகிராம் சாற்றை 18 முதல் 20 மாதம் எடுத்தார்கள். சீனி குறைந்தது, 5 பேர் மாத்திரையையே விட்டார்கள். நல்ல சேதிதான், ஆனால் போலி மருந்தோடு, அதாவது மருந்துச் சரக்கே இல்லாத ஒப்பீட்டு மாத்திரையோடு, ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தவிர, சந்தையில் கறிக்கு விற்கும் குறிஞ்சா பெருங்குறிஞ்சா என்ற வேறு கொடியாகவும் இருக்கலாம். மென்ற பிறகும் சீனி இனித்தால் அதைச் சிறுகுறிஞ்சா என்று நான் எடுப்பதில்லை.

என் வாக்கு கொவ்வைக்கு. பெங்களூரில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், புதிதாக நோய் தெரியவந்த 60 பேரில் ஒரு பாதியினருக்கு மதுசாரத்தில் எடுத்த சாறு நாளுக்கு 1 கிராம், மறுபாதியினருக்குப் போலி மருந்து. 90 நாளில் சாறு எடுத்தவர்களின் வெறும்வயிற்றுச் சீனி 16 சதவீதமும், சாப்பாட்டுக்குப் பின்னான சீனி 18 சதவீதமும் குறைந்தன. 2011இல் வெளிவந்த இலங்கை ஆய்வு நம் அடுப்படிக்கு இன்னும் கிட்ட. 20 கிராம் இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் சம்பல்தான்! குளுக்கோஸ் குடித்த பின் ஏறும் சீனி குறைவாகவே ஏறியது. உண்டவர்கள் நோயில்லாதவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் சீனி மாத்திரையான மெட்ஃபோர்மினும் இந்தப் போட்டியில் இருக்கிறது. ஐரோப்பாவின் கலேகா என்ற செடியில் சீனியைக் குறைக்கும் பொருள் இருந்தது, நஞ்சும் இருந்தது. அதன் உறவுப் பொருளான மெட்ஃபோர்மினை 1922இல் ஆய்வுகூடத்தில் செய்தார்கள். நீரிழிவு நோயாளர்களுக்குக் கொடுத்த முடிவுகளை 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டேர்ன் வெளியிட்டார். கொவ்வை அந்தத் தூரத்தை இன்னும் நடக்கவில்லை.

அதனால் மாமியின் மாத்திரையில் கை வைக்கவில்லை. கொவ்வை வாரத்தில் இரண்டு நாள் வறையாகச் சோற்றோடு வருகிறது, அதையும் கிளினிக்கில் சொல்லியாகிவிட்டது. இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவர் செறிவான சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழவும் கூடும். பெயர் ஒட்டாத பொட்டலத் தூளை நான் தொடவே மாட்டேன். காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கம் இருக்கும்போது, என்ன கலந்தது என்று தெரியாத ஒன்றைச் சிறுநீரகத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

சிறுகுறிஞ்சா இப்போது பனங்கட்டிப் போத்தலின் பக்கத்தில் இருக்கிறது. மாமி போத்தலுக்குக் கை நீட்டினால், பேரப்பிள்ளை முதலில் இலையை நீட்டுகிறான்.